எண்பத்து நாலு பேரும் நலம்

ஷார்ஜா தொழிற்பேட்டையில் ஏ.சி. குழாய் செய்யும் ஒரு கம்பெனியில் கோபாலசாமி டாக்குமெண்ட் கன்ட்ரோலர். பெயரைக் கேட்டு மிரள வேண்டாம். உள்ளே வருகிற தாள், வெளியே போகிற தாள் எல்லாவற்றுக்கும் நம்பர் போட்டு, தேதி குத்தி, கையெழுத்து வாங்கி, ஃபைலில் அடைக்கிற வேலை. வருஷக் கணக்கில் அதையே செய்ததில் மனுஷர் நன்றாக முற்றிப்போயிருந்தார். வீட்டில் ஜெயலட்சுமி எழுதுகிற மளிகைச் சீட்டில் கொத்தமல்லி விட்டுப்போய்ப் பிறகு சேர்த்தால்கூட, மேலே 'திருத்தம் 1' என்று எழுதாமல் கடைக்குக் கிளம்ப மாட்டார்.

அவருக்கு இரண்டு பெருமைகள். ஒன்று, அவர் கையைத் தாண்டிய தாள் எதுவும் இதுவரை தொலைந்ததில்லை. இன்னொன்று, அவருக்கு உடம்புக்கு எதுவும் வந்ததில்லை. யார் கேட்டாலும், "எனக்கென்னங்க, நல்லாத்தான் இருக்கறேன்" என்பார். சூலூரிலிருந்து அம்மா கேட்டாலும் அதுதான், ஆபீசில் மேனேஜர் கேட்டாலும் அதுதான்.

2003-இல் ஒரே மகள் அனன்யா பன்னிரண்டாவது முடித்தாள். நல்ல மார்க். டாக்டருக்குப் படிக்கப் போகிறாள் என்று கோபாலசாமி கட்டடம் முழுக்கச் சொல்லி முடித்த பிறகு, அந்தப் பெண் ஒரு விண்ணப்பத்தைக் கொண்டுவந்து சாப்பாட்டு மேஜையில் வைத்தாள்.

"ஆறு வருஷம்ப்பா. எம்.பி.பி.எஸ்., கூடவே பப்ளிக் ஹெல்த்ல மாஸ்டர்ஸ். ரெண்டும் சேந்த கம்பைன்ட் கோர்ஸ்."

"டாக்டருக்குப் படிச்சாப் பத்தாதா கண்ணு? கூட எதுக்கு அது ஒரு வாலு?"

"டாக்டர் ஒவ்வொருத்தரா பாப்பாங்க. இது எல்லாரையும் சேத்துப் பாக்கறது."

"எல்லாரையும் சேத்துப் பாத்தா அதுக்குப் பேரு கூட்டம். கூட்டத்தப் பாக்கறதுக்கு ஒரு டிகிரியா?"

கீழ்வீட்டுச் சீதாராமன் வேறு சும்மா இருக்கவில்லை. அவர் மகன் நிதின் அந்த வருஷம்தான் என்ஜினீயரிங் சேர்ந்திருந்தான். படிக்கட்டில் மடக்கி, "பப்ளிக் ஹெல்த்னா கொசு மருந்து அடிக்கறதுதானே சார்?" என்று மிகுந்த அக்கறையோடு கேட்டார். கோபாலசாமிக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. தன் மகள் ஸ்டெதஸ்கோப்போடு நிற்கிற படம் மனசில் இருந்தது. அதன் பின்னாலேயே புகை அடிக்கிற மெஷினும் வந்து நின்றுகொண்டது.

இருந்தாலும் விண்ணப்பம் என்று ஒன்று வந்துவிட்டால் கோபாலசாமிக்குக் கை அரிக்கும். 'இந்தப் படிப்பை ஏன் தேர்ந்தெடுத்தீர்கள்' என்று ஒரு கட்டுரை கேட்டிருந்தார்கள். அவரே எழுதினார். 'மேற்கண்ட பொருள் தொடர்பாகத் தங்கள் மேலான கவனத்துக்கு' என்று ஆங்கிலத்தில் ஆரம்பித்து, இணைப்புகள் ஏழு என்று முடித்திருந்தார். அனன்யா படித்துவிட்டு, "ஸோ ஸ்வீட்ப்பா" என்று அதை ஃப்ரிட்ஜ் மேல் காந்தத்தில் ஒட்டினாள். பிறகு உட்கார்ந்து தானாக ஒன்று எழுதினாள். பள்ளிக்கூட பஸ்ஸில் போகும்போது பக்கத்தில் ஓடும் தொழிலாளர் பஸ்ஸையும், ஜன்னல் கம்பியில் தலை சாய்த்துத் தூங்கும் ஆட்களையும் பற்றி. அந்த பஸ்ஸில் ஒருவருக்குக் காய்ச்சல் வந்தால் யாரிடம் சொல்வார்கள் என்று கேட்டு முடித்திருந்தாள். கோபாலசாமி அதற்கு ஒரு நகல் எடுத்து, நம்பர் போட்டு, ஃபைலில் வைத்தார். டாக்டராக வேண்டும் என்று ஒரு வரிகூட அதில் இல்லை என்பது அவருக்கு உறுத்திக்கொண்டே இருந்தது.

நேர்முகத்தில் அவளிடம் கேட்ட கேள்வி, நூறு பேர் வயிற்றுப்போக்கோடு வந்தால் என்ன செய்வாய் என்பது. கோபாலசாமி இரண்டு வாரமாக மருந்துப் பெயர்களை உருப்போட வைத்திருந்தார். வெளியே வந்து காரில் ஏறிய மகளிடம், "என்ன மருந்து சொன்ன?" என்றார்.

"மருந்து சொல்லலப்பா. எல்லாரும் எங்க தண்ணி குடிச்சாங்கன்னு கேப்பேன்னு சொன்னேன்."

கோபாலசாமி வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டார். "போச்சு! அவன் வைத்தியம் கேட்டா நீ தண்ணி விசாரிச்சுட்டு வந்திருக்கற." அடுத்த மாதம் இடம் கிடைத்துவிட்டது என்று கடிதம் வந்தபோதும், அந்தப் பதிலுக்காகத்தான் கிடைத்தது என்று அவர் நம்பவில்லை. தான் இணைத்த ஏழு இணைப்புகளுக்காக என்றே நம்பினார்.

நாலு வருஷம் ஓடியது. பிணத்தை அறுத்தது, ஊசி போடப் பழகியது, வார்டில் நின்றது என்று அனன்யா சொன்ன கதைகளையெல்லாம் கோபாலசாமி ஆபீசில் கூட்டிக் குறைத்துச் சொல்லி மகிழ்ந்தார். பப்ளிக் ஹெல்த் பாடம் நடக்கிற நாட்களில் மட்டும் என்ன படித்தாய் என்று கேட்க மாட்டார். இதற்கிடையில் அவரிடம் ஒரு புதிய பழக்கம் வந்திருந்தது. ஷார்ஜா நடுவே ரோலாவில் அவர்கள் இருந்த கட்டடத்தில் லிஃப்ட் மாதத்தில் பாதி நாள் ஓடாது. மூன்றாவது மாடிக்கு ஏறும்போது இரண்டாவது மாடியில் நின்று, சுவரில் ஒட்டியிருக்கும் அறிவிப்பைப் படிப்பார். குப்பையை எங்கே போட வேண்டும் என்பது பற்றிய அறிவிப்பு. முதலில் ஆங்கிலத்தில் படிப்பார், பிறகு அரபியில் படிப்பார். அவருக்கு அரபி தெரியாது. பின்னால் பையோடு வரும் ஜெயலட்சுமி ஒன்றும் சொல்லாமல் அவர் படித்து முடிக்கும் வரை நிற்பாள்.

2007 மே மாதம் அனன்யாவுக்குக் களப்பணி வந்தது. தொழிலாளர் கேம்ப் ஒன்றில் உடல்நலம் பற்றி விசாரித்து அறிக்கை தர வேண்டும். தராவிட்டால் பப்ளிக் ஹெல்த் பக்கம் பெயரை அடித்துவிடுவார்கள், வெறும் எம்.பி.பி.எஸ். மட்டும் மிஞ்சும். கோபாலசாமியின் கம்பெனியில் தகடு மடிக்கும் வீரபாண்டி ஷார்ஜா ஓரத்து முவைலாவில் ஒரு கேம்பில் இருந்தான், பரமக்குடிப் பக்கத்து ஆள். பல கம்பெனி ஆட்கள் கலந்து கிடக்கும் கேம்ப், பாதிக்குப் பாதி தமிழர்கள். வெள்ளிக்கிழமை வந்தால் எல்லாரும் ரூமில் இருப்பார்கள், தானே கேம்பைப் பார்த்துக்கொள்ளும் பாஸிடம் சொல்லிவைப்பதாகச் சொன்னான்.

அனன்யாவுக்குத் தமிழ் பேச வரும், எழுத வராது. கேள்விகளை ஆங்கிலத்தில் கொடுத்துத் தமிழில் டைப் அடித்துத் தரும்படி அப்பாவிடம் கேட்டாள். கேட்டதுதான் அந்தப் பெண் செய்த ஒரே தப்பு. அவள் கொடுத்தது பதினொரு கேள்விகள். கோபாலசாமி பார்த்தார். தலையும் இல்லை, வாலும் இல்லை. பெயர் இல்லாத ஃபாரம் ஒரு ஃபாரமா? மேலே பெயர், கம்பெனி பெயர், பாஸ்போர்ட் நம்பர், லேபர் கார்டு நம்பர் என்று நாலு கட்டம் சேர்த்தார். கீழே 'மேற்கண்டவை உண்மை என உறுதி அளிக்கிறேன்' என்று போட்டுக் கையெழுத்துக்கு இடம் விட்டார். வலது மூலையில் 'திருத்தம் 0'. அச்சடித்து வந்ததும் அழகைப் பார்த்து அவருக்கே கண் பட்டுவிடும் போலிருந்தது. பரீட்சைப் படிப்பில் இருந்த அனன்யா மேலாகப் பார்த்து, "தேங்க்ஸ்ப்பா" என்றாள்.

வெள்ளிக்கிழமை போனார்கள். கோபாலசாமி முழுக்கைச் சட்டையை உள்ளே விட்டு, கழுத்தில் கம்பெனி அட்டையைத் தொங்கவிட்டு, கையில் கிளிப் அட்டையோடு முன்னால் நடந்தார். மகள் பின்னால் வந்தாள். ரூமுக்கு எட்டுப் பேர், இரண்டடுக்குக் கட்டில்கள். பொதுச் சமையலறையில் கறிக்குழம்பு கொதிக்கிற வாசனை நடை முழுக்க அடித்தது. இவர்கள் உள்ளே நுழைந்ததும் சீட்டு ஆடிக்கொண்டிருந்தவர்கள் சீட்டை மறைத்தார்கள். கைலியை இறக்கிவிட்டு எழுந்து நின்றார்கள்.

"தங்கள் உடல்நிலை எவ்வாறு உள்ளது?" என்று கோபாலசாமி தன் சொந்த மொழிபெயர்ப்பை வாசித்தார்.

"நல்லாருக்கோம் சார்."

"கடந்த ஆறு மாதத்தில் மயக்கம், நெஞ்சுவலி, சிறுநீர் கழிப்பதில் எரிச்சல்?"

"அதெல்லாம் மாஃபி சார். ஒண்ணுமே இல்ல."

ராமநாதபுரம் கார்மேகம் கேட்பதற்கு முன்னாலேயே, "நல்லாருக்கேன் டாக்டரம்மா" என்று சொல்லிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்துவிட்டான். இரண்டே மணி நேரத்தில் எண்பத்து நாலு ஃபாரமும் நிரம்பின. ஒரு கட்டம் காலி இல்லை, ஓர் அடித்தல் இல்லை. "எப்புடி!" என்றார் கோபாலசாமி காரில் ஏறும்போது. தன் வாழ்நாளில் இவ்வளவு சுத்தமான ஃபாரக் கட்டை அவர் பார்த்ததில்லை.

அறிக்கையை மேற்பார்வை பார்த்தவர் டாக்டர் உம்மு ஹானி, கீழக்கரைக்காரர். கட்டைப் புரட்டினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி புரட்டினார்.

"அனன்யா, இந்தக் கேம்புல எனக்கு ஒரு கட்டில் கெடைக்குமா?"

"மேம்?"

"எம்பத்தி நாலு பேரு. ஒருத்தருக்குத் தலைவலி கூட இல்லையே! நானும் அங்கேயே போயி இருந்துடலாம்னு பாக்குறேன்." பிறகு சிரிப்பை நிறுத்தி, மூன்று வாரத்துக்குள் உண்மையான பதில்களோடு வராவிட்டால் இரட்டைப் படிப்பில் அவள் பெயர் நிற்காது என்றார்.

சேதியை மகள் வீட்டில் சொன்னபோது கோபாலசாமியின் மனசில் ஒரு மூலையில் தேன் சொட்டியது. பொய் சொல்வானேன்? வால் அறுந்தால் டாக்டர் மட்டும் மிஞ்சும், சீதாராமன் வாயை மூடிவிடலாம். "விட்றா கண்ணு, அதுவும் நல்லதுக்குத்தான்" என்றார். அனன்யா குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டாள். தண்ணீர் சத்தத்துக்கு நடுவே அவள் அழுவது கேட்டது. சின்ன வயசில்கூட அப்படி அழுத பெண் இல்லை. ஜெயலட்சுமி அவரை ஒரு பார்வை பார்த்தாள், அவ்வளவுதான். அவர் தட்டை நகர்த்திவிட்டு எழுந்துவிட்டார்.

மறுநாள் வேலை நடுவே வீரபாண்டியைத் தனியாகக் கூப்பிட்டார். "ஏப்பா, உங்க ஆளுக எல்லாரும் அப்படியா கல்லாட்டம் இருக்கறீங்க?"

வீரபாண்டி தலையைச் சொறிந்தான். "கோவிச்சுக்கிறாதீங்க சார். பேரு, பாஸ்போர்ட்டு நம்பரு, லேபர் கார்டு நம்பரு, கையெழுத்து அம்புட்டும் வாங்கிக்கிட்டு சீக்கு இருக்கான்னு கேட்டா எவன் சார் சொல்லுவான்? அன்ஃபிட்டுன்னு எழுதி ஊருக்கு ஏத்தி விட்டுட்டா? நீங்க கழுத்துல அட்டையோட வந்ததப் பாத்துட்டு, ஆபீசிலருந்து ஆள் கழிக்க வந்துட்டாகன்னு கட்டில் கட்டிலா சேதி போயிருச்சு."

கோபாலசாமிக்கு முகத்தில் ஈயாடவில்லை. அந்த நாலு கட்டம்! அவருடைய அழகான நாலு கட்டம்! மகள் கேட்டது பதினொரு கேள்வி, அவர் சேர்த்தது நாலு பூட்டு. அன்று மாலை வீட்டுக்கு வந்து, சட்டையைக்கூட மாற்றாமல், மகள் எதிரில் உட்கார்ந்தார். தப்பை ஒப்புக்கொண்டு அவருக்குப் பழக்கம் இல்லை, அதனால் ஆபீஸ் பாஷையில்தான் வந்தது.

"கண்ணு, அந்த ஃபாரம்... அதை வாபஸ் வாங்கிக்கறேன். எம்மேலதான் தப்பு."

அனன்யா புத்தகத்தை மூடினாள். "திருத்தம் ஒண்ணாப்பா?" என்றாள். சொல்லிவிட்டுத் தானே சிரித்துவிட்டாள். கோபாலசாமிக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

அடுத்த வெள்ளிக்கிழமை அட்டை இல்லை, கிளிப் இல்லை. கோபாலசாமி டீ-ஷர்ட் போட்டுக்கொண்டு போனார், அதில் அவரைப் பார்க்கவே பாவமாக இருந்தது. பழைய ஃபாரங்களை எல்லார் முன்னாலும் கிழித்துப் போட்டார். தாளைக் கிழித்தது அதுதான் அவருக்கு முதல் தடவை. "பேரு வேண்டாங்க, நம்பரும் வேண்டாம். மனசுல இருக்கறதச் சொல்லுங்க" என்றார்.

"நல்லாருக்கோம் சார்."

இது பயம் இல்லை, பழக்கம். வாராவாரம் ஃபோன் கார்டைத் தேய்த்து ஊருக்குப் பேசும்போது வாயில் வருகிற அதே சொல். காய்ச்சலில் கிடந்தாலும் நல்லாருக்கேன், கையில் கட்டுப் போட்டிருந்தாலும் நல்லாருக்கேன். அனன்யா பேனாவை மூடிவிட்டாள். அவளுக்குக் கண் கலங்கத் தொடங்கியது. அந்த நேரம் பார்த்து வீரபாண்டி டீயோடு வந்தான்.

"யாரு, கார்மேகமா நல்லாருக்கான்?" என்றான். "போன வருசம் ரெண்டு வாட்டி சைட்டுல மயங்கி விழுந்தான் சார். மூணாவது வாட்டி கேம்ப் வாசல்ல விழுந்தப்ப நாந்தான் தூக்கியாந்தேன்."

கார்மேகத்துக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "என்னையப் போட்டுக் குடுக்கிறியா? டாக்டரம்மா, இந்தா மேக்கட்டில்ல இருக்கானே மணிமாறன், அவனுக்கு ஒண்ணுக்குப் போகையில கத்துற கத்து இருக்கே, கக்கூசுக்கு வெளிய லைன்ல நிக்கிறவன்லாம் ஓடிப்போவான்!"

"ஏய், அத எதுக்குய்யா சொல்ற?" என்று மேலேயிருந்து மணிமாறன் துள்ளினான். "தங்கச்சி, அவன் மட்டும் என்னவாம்? தலைவலி மாத்திரைய அரிசி மாதிரி முழுங்குறான்!"

அவ்வளவுதான், ரூம் திறந்துகொண்டது. தன்னைப் பற்றி ஒருவரும் ஒரு சொல் சொல்லவில்லை. அடுத்த கட்டில்காரனைப் பற்றி ஒருவரும் ஒரு சொல் பாக்கி வைக்கவில்லை! நடையிலிருந்து அடுத்த ரூம்காரர்களும் வந்து, தங்கள் ஆட்களைக் காட்டிக்கொடுக்க வரிசையில் நின்றார்கள். அனன்யா சிரித்துக்கொண்டே எழுதினாள். தாள் தீர்ந்துபோய் மளிகைச் சீட்டின் பின்பக்கம் எழுதினாள். கோபாலசாமி அதற்கு நம்பர் போடவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து அவள் கேட்கிற அடுத்த கேள்வியைக் கவனித்தார்.

"கார்மேகம் அண்ணா காலையில எப்ப தண்ணி குடிப்பாரு? வீரபாண்டி அண்ணா, நீங்க சொல்லுங்க."

"குடிக்க மாட்டான் தங்கச்சி. நாலரைக்கு பஸ்ஸு. துபாய் சைட்டுக்குப் போயிச் சேர ரெண்டு மணி நேரம், டிராபிக்குல நின்னா இன்னம் கூட. பஸ்ஸு எங்கயும் நிக்காது. குடிச்சா எங்க எறங்குறது? சைட்டுலயும் கக்கூசு அந்தக் கோடியில. போயிட்டு வந்தா ஃபோர்மேன் கத்துவான். அதான் ஒருத்தனும் குடிக்கிறதில்ல."

கோபாலசாமி மகளைப் பார்த்தார். நாலு வருஷத்துக்கு முன்னால் காரை ஓரம் கட்டிய ஞாபகம் வந்தது. எங்கே தண்ணீர் குடித்தார்கள் என்று கேட்பேன் என்றாளே! மயக்கம், எரிச்சல், தலைவலி எல்லாவற்றுக்கும் மருந்து ஒரு கக்கூசும், வழியில் ஒரு தடவை நிற்கிற பஸ்ஸும். எந்த மாத்திரைப் பட்டியலில் இது இருக்கிறது? "எம் புள்ள" என்று பக்கத்தில் இருந்த கார்மேகத்திடம் தேவையில்லாமல் சொன்னார்.

டாக்டர் உம்மு ஹானி புதிய அறிக்கையைப் படித்து, "இப்ப அந்தக் கட்டில் எனக்கு வேணாம்" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார். அனன்யாவின் பெயர் இரண்டு பக்கமும் நின்றது. அறிக்கையின் நகல் ஒன்று கார்மேகத்தின் கம்பெனிக்கும் போனது. பஸ் வழியில் ஒருமுறை நிற்க ஆரம்பித்ததாக வீரபாண்டி சொன்னான், கக்கூஸ் இன்னும் அந்தக் கோடியில்தான். கோபாலசாமி படிக்கட்டில் சீதாராமனைத் தானாகவே மடக்கி, கொசு மருந்துக்கும் பொது சுகாதாரத்துக்கும் உள்ள வித்தியாசத்தை முக்கால் மணி நேரம் விளக்கினார். உட்கார்ந்துகொண்டுதான் விளக்கினார், இரண்டாவது மாடிப் படியில்.

அடுத்து வந்த வெள்ளிக்கிழமை ஜெயலட்சுமி பாயசம் வைத்திருந்தாள். அனன்யா ஒரு வெற்றுத் தாளை எடுத்துக்கொண்டு மேஜையில் உட்கார்ந்தாள். அப்பாவைப் பார்க்கவே இல்லை. அம்மா பக்கம் திரும்பினாள்.

"அம்மா, உங்க ரூம்ல இருக்கறவருக்கு உடம்பு எப்படி இருக்கு?"

"எனக்கென்ன கண்ணு, நல்லாத்தான்..." என்று ஆரம்பித்தார் கோபாலசாமி.

"எண்பத்து நாலு பேரும் அதேதான்ப்பா சொன்னாங்க. நான் அம்மாவைக் கேட்டேன்."

ஜெயலட்சுமி கரண்டியைக் கீழே வைத்தாள். இத்தனை நாள் இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தவள் போல அவளுக்கு வார்த்தை கொட்டியது. "ஆறு மாசமாச்சு கண்ணு. ரெண்டாவது மாடியில நின்னு நோட்டீஸ் படிக்கறாரு. மூச்சு வாங்கறது எனக்குத் தெரியாதுன்னு நெனப்பு. நெஞ்சத் தடவிக்கறாரு, கேட்டா கேஸ்ங்கறாரு. இடது கை மரத்துப்போகுதுன்னு உதறிக்கறாரு. விசா புதுப்பிக்கற வரைக்கும் ஆஸ்பத்திரிப் பக்கமே போகமாட்டேன்னு சாமி மேல சத்தியம் பண்ணியிருக்கறாரு. நான் யார்கிட்டச் சொல்றது?" சொல்லிவிட்டு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

அனன்யா எழுதவில்லை. எழுந்து கார் சாவியை எடுத்தாள். அவள் முகத்தைப் பார்த்த கோபாலசாமி செருப்பைப் போட்டுக்கொண்டார்.

ஆஸ்பத்திரி வரவேற்பில் ஒரு ஃபாரம் கொடுத்தார்கள். பெயர், பிறந்த தேதி, லேபர் கார்டு நம்பர் எல்லாம் முத்து முத்தாக நிரப்பினார். 'உங்களுக்கு உள்ள தொந்தரவுகள்' என்ற கட்டத்துக்கு வந்ததும் பேனா தானாக 'ஒன்றும் இல்லை' என்று எழுத ஆரம்பித்தது. பாதியில் நிறுத்தினார். வாழ்நாளில் முதல் முறையாக, திருத்தம் நம்பர் எதுவும் போடாமல், அதன் குறுக்கே ஒரு கோடு கிழித்தார். பிறகு ஃபாரத்தையும் பேனாவையும் பக்கத்தில் இருந்த ஜெயலட்சுமியின் மடியில் வைத்தார்.

"நீயே எழுது ஜெயா" என்றார். "எனக்குச் சரியா வராது."